எங்கள் வான் இழுக்காத வீடு

கணக்குத் தெரியாதவர்கள் கணக்கில் பெரிய பிழை விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுவார்கள். குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துகிற பிழைகளை எல்லாம் விடுவது கணக்குத் தெரிந்தவர்கள்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தொண்ணூறுகளின் நடுவில், ரொறொன்ரோவில், கிழமை நாட்களில் பிளாஸ்ரிக் ஃபக்டரியில் வேலை செய்தேன். சனி, ஞாயிறில் மோர்னிங்சைட்டில் எங்கள் பேஸ்மென்டில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன். விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாத பிள்ளைக்கு ஒரு புள்ளியும் கொடுக்க மாட்டேன் (அவ்வளவு கண்டிப்பு!).

அந்தக் கோடையில் என் மனைவி வதனியின் அக்கா குடும்பம் ஜெர்மனியிலிருந்து வருவதாக இருந்தது. அக்காவின் கணவர், அதாவது என் சகலன், தொலைபேசியில் சொன்னார்:

"தம்பி, நயாகராவை வீடியோவில பாத்திட்டம். எங்களுக்குக் காட்டையும் ஏரியையும் காட்டும்."

கூடாரம் அடிக்கலாம் என்றேன். வதனி மறுத்துவிட்டாள். "கரடிக்கும் எனக்கும் நடுவில ஒரு சீலைத் துண்டோ? எனக்குக் கதவு வேணும்."

ஆகவே, வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சக்கர வீடு ஒன்று, ட்ரெயிலர் என்பார்களே, அதை வாங்குவதென்று முடிவாயிற்று. என்னோடு வேலை செய்த குலம் அண்ணை, கப்பல் மாதிரி இருந்த தன் பழைய காரில் எங்களை ஸ்ரௌவ்வில் பக்கம் ட்ரெயிலர் விற்கிற ஒரு பெண்மணியின் வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டு ட்ரெயிலர்கள் நின்றன. ஒன்று சின்னது, கூரையை மடிக்கலாம். மற்றது கட்டில், அடுப்பு, குளியலறை, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் உள்ள மாளிகை. வதனி மாளிகைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

எங்களிடம் இருந்தது ஏழு பேர் ஏறக்கூடிய ஒரு சின்ன வான். எனக்குக் கொஞ்சம் பயம். "அண்ணை, எங்கட வான் உதை இழுக்குமோ?"

"மாட்டின்ர முதுகில எத்தினை மூட்டை ஏத்துவீர்? ரெண்டு. வண்டில்ல கட்டினா இருவது மூட்டையை இழுக்கும். உதுவும் அப்பிடித்தான்."

இந்த விஞ்ஞானம் எனக்குப் போதவில்லை. நான் கணக்கு வாத்தியார் அல்லவா? வானின் கைநூலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வான் இழுக்கக்கூடிய பாரம் இரண்டாயிரம் என்று அதில் இருந்தது. ட்ரெயிலரின் கதவடியில் இருந்த தகட்டில் அதன் பாரம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.

"இன்னும் இருநூற்றைம்பது மிச்சம்!" என்று அறிவித்தேன். அந்தப் பெண்மணி குலம் அண்ணையின் காரைப் பார்த்துத் தலையாட்டினாள். அதுதான் இழுக்கப்போகிறது என்று நினைத்தாள் போல. பிறகு அவளே தன் ட்றக்கில் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

பயண நாள் காலை. மிச்சமிருந்த இருநூற்றைம்பதை வீணாக்கலாமா? ட்ரெயிலரின் தண்ணீர்த் தாங்கியை விளிம்பு வரை நிரப்பினேன். அரிசி மூட்டை, பானை சட்டி, சகலனின் சூட்கேஸ்கள் எல்லாம் ஏறின. கொளுவியதும் வானின் பின்புறம் தரையில் குந்தியது, முன்புறம் வானத்தைப் பார்த்தது. நாங்கள் ஏழு பேரும் பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்ததுபோல் சாய்ந்துகொண்டு புறப்பட்டோம்.

400 ஹைவேயில் ஏறினோம். ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்ததும் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அது ஆட வானும் ஆடியது. ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

"தம்பி," என்றார் சகலன், கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டு, "நாங்கள் உதை இழுக்கிறமோ, உது எங்களை இழுக்குதோ?"

வேகத்தைக் குறைத்தேன். எங்களுக்குப் பின்னால் வடக்கே போகிற முழு ரொறொன்ரோவும் ஹோர்ன் அடித்தது.

பிறகு ஹைவேயை விட்டு இறங்கியதும் ஓர் ஏற்றம் வந்தது. பாதி ஏறும்போதே வெப்பமுள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. வான் ஒருமுறை முனகியது, கருகல் நாற்றம் வந்தது, நின்றது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்லலாம்.

"எல்லாரும் இறங்குங்கோ!"

அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு புல்லுக்கு ஓடினார். சகலன் ட்ரெயிலருக்குள் பாய்ந்து, அரிசி மூட்டையைத் தூக்கிவந்து ரயருக்குப் பின்னால் போட்டார். மூட்டை வெடித்தது. ஆனாலும் வான் நின்றது.

வீதியோரத்தில் குந்தியிருந்தபோது, பொழுது போகாமல் கைநூலைப் புரட்டிய என் மகள் சொன்னாள்: "அப்பா, வான் புக்ல பவுண்ட்ஸ் எண்டு இருக்கு. ட்ரெயிலர்ல கிலோவெல்லோ?"

கிலோவைப் பவுண்டாக்க மனதுக்குள் பெருக்கினேன். எங்கள் வான் தான் இழுக்கக்கூடியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கை இழுத்து வந்திருந்தது, தண்ணீர் தனி. வதனி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, சிந்திய அரிசியைக் கையால் கூட்டி அள்ளினாள்.

வானையும் ட்ரெயிலரையும் இழுவை வண்டிகள் தனித்தனியாகப் பக்கத்துச் சின்ன ஊரின் கராஜுக்கு இழுத்துப்போயின. கியர்பெட்டி முடிந்தது, நீண்ட வாரவிடுமுறை கழியாமல் சாமான் வராது என்றார் கராஜ்காரர். பாவம் பார்த்து, பின்வளவில் பழைய ரயர்களுக்கு நடுவே ட்ரெயிலரை நிறுத்த விட்டார்.

நான் மாளிகையின் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஊரை விட்டு வந்து, படித்த வேலையையும் இழந்து, கடைசியில் மனைவியின் சொந்தத்தை ஜெர்மனியிலிருந்து வரவழைத்துக் கழிவு எண்ணெய்க்குள் குடியேற்றிவிட்டேனே! வெளியே பிள்ளைகள் கத்துவது கேட்டது. சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ரயர் உருட்டிப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா விறகு மூட்டிக் கோழிக்கறி வைத்தார். சகலன் கராஜ்காரருக்குப் புட்டுச் சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரவிடுமுறை முழுக்க அப்படியே போனது. என்னைத் தவிர எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

ட்ரெயிலரைக் கராஜ்காரரே வாங்கிக்கொண்டார். ஏரியை அவர்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

போன மாதம் சகலனின் மூத்த மகன் ஜெர்மனியிலிருந்து தொலைபேசி எடுத்தான். கலியாணம் முடிந்ததும் பெண்ணோடு தேனிலவுக்குக் கனடா வருகிறானாம்.

"சித்தப்பா, அந்தக் கராஜ் இன்னும் இருக்கோ? அவவுக்கு அதைத்தான் முதல் காட்ட வேணும்."

வதனி ரிசீவரைப் பறித்தாள்.

"ஓம் ராசா, வாங்கோ. சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். ஆனா பஸ்ஸில."