பதிவு என்றால் பதிவுதான்

அன்புள்ள பத்துமலை அண்ணனுக்கு,

ஈப்போவிலிருந்து தங்கை குமுதா எழுதுவது. இங்கு நான், பிள்ளைகள், என் வீட்டுக்காரர், அவருடைய முட்டிவலி எல்லாரும் சௌக்கியம். சித்தியவானில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

குமுதா மண்டபத்தில் சண்டை போட்டாள் என்று உங்கள் காதுக்கு வந்திருக்குமே, அது சண்டை இல்லை அண்ணே, 'பதிவு' என்ற ஒரு சொல்லால் வந்த தமிழ்ப் பிரச்சினை. தோட்டத்தை விற்றபோது எங்களுக்குக் கிடைத்த இந்தத் தாமான் வீட்டுக் குடியிருப்பில், குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். போன மாதக் கூட்டத்தில் தலைவர் கோகிலன், நம் மண்டபத்தைத் தன் மச்சானின் டயர் கடைக்கு விடலாம் என்றார். அங்கே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் மங்களம் அக்கா எழுந்து, "என் பொணத்து மேல டயரை உருட்டிக்கிட்டுப் போ!" என்றார். நான் அதை அப்படியே எழுதிவிட்டேன். மறுநாள் தலைவர் வீடு தேடி வந்தார்.

"ஏம்மா, மீட்டிங் மினிட்னா முடிவை மட்டும் எழுதறது லா. எல்லாரும் ஏகமனதா ஏத்துக்கிட்டாங்கன்னு போடு."

"நீங்க வச்ச தலைப்பு 'கூட்டப் பதிவு'ண்ணே. ஈர சிமெண்டுல நாய் மிதிச்சா நாய்க்கால்தான் பதியும். மயில் காலா பதியும்?"

"அப்ப நான் நாயா?"

"இதையும் எழுதிக்கவா?"

தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் வேலையே சென்ற கூட்டத்தின் பதிவை வாசிப்பது. தலைவர் தானே தட்டச்சு செய்த தாளை நீட்டினார். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டு, என்னுடையதை வாசித்தேன், பொணம் டயர் உட்பட. சிரிப்பில் மண்டபமே குலுங்கியது. "யாரு இப்படிச் சொன்னது?" என்று தலைவர் கத்த, "நான்தான் சொன்னேன், இன்னொரு வாட்டி சொல்லவா?" என்று மங்களம் அக்கா எழுந்தார். மண்டபத்தைக் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் தலைவரின் கை மட்டும்தான் மேலே போனது. மச்சான்கூடத் தூக்கவில்லை! மண்டபம் பிள்ளைகளுக்கே என்று ஆனது. கோகிலன் பதவியே வேண்டாம் என்று மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யார் வந்து கேட்டாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குப் பெயர்தான் பதிவு.

அண்ணிக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, அடக்கமான வாயோடு வளரட்டும்.

அன்புத் தங்கை,
குமுதா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் என்னையே தலைவி ஆக்கிவிட்டார்கள். புதுச் செயலாளர் சரளா. நேற்றைய கூட்டத்தில் குறுக்கே குறுக்கே பேசிய உறுப்பினர் தர்மாவைப் பார்த்து நான், "வாய மூடிட்டு உக்காரு லா, மாங்கா மடையா" என்றதை ஓர் எழுத்து விடாமல் எழுதிவைத்திருக்கிறாள். முடிவை மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.