முதல் டர்ன் கைமாறிய விவகாரம்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய ஆள் நான். ரயில்வேயில் ஸ்டாக் வெரிஃபையர் என்று ஓர் உத்தியோகம் உண்டு. கிடங்கில் இத்தனை போல்ட் இருக்கிறது என்று ஏட்டில் எழுதியிருந்தால், நேரில் போய் ஒவ்வொன்றாக எண்ணி, ‘ஏழு குறைகிறதே, எங்கே?’ என்று கேட்பதுதான் வேலை. இதையே இருபது வருஷம் செய்தவன் வீட்டிலும் இட்லியை எண்ணித்தான் சாப்பிடுவான் (சாப்பிட்டேன்). அந்தப் புத்தியைச் சாந்த்ராகாச்சி யார்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு கேடும் வந்திருக்காது. கால்பந்து மைதானத்துக்கும் கொண்டுபோனேன்.

அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து மாற்றலில் வந்தவன். என் மனைவி மீனா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சண்டையை வங்காளத்தில் போட்டுவிட்டுச் சமாதானத்தைத் தமிழில் பேசுவாள். எனக்கோ ஒன்பது வருஷம் ஆகியும் வங்காளம் தத்தக்கா பித்தக்காதான். காலனியில் என்னை ‘மாத்ராஜி பாபு’ என்றுதான் சொல்வார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை. அவர்களில் ஒருவனாகிவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கல்கத்தாவில் அதற்குக் கால்பந்தை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆகவே எங்கள் கிழக்கு பிளாக் அணிக்கு ரசிகனானேன். ஒரு மேட்ச் விடமாட்டேன். அணியின் மேனேஜர் தபன்தா (‘தா’ என்றால் அண்ணன்), எங்கள் மாடிக்குக் கீழ்வீடு. அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கு என்மேல் தனிப் பிரியம் என்று நம்பினேன். ஆட்டம் சூடு பிடிக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார். “சங்கர்தா, ஐஸ் வாங்கிட்டு வர உங்களை விட்டா நம்பிக்கையான ஆள் இல்லை” என்பார். நான் ஐஸோடு ஓடி வருவதற்குள் நம் அணி ஒரு கோல் போட்டிருக்கும். ஒரு தடவை அரையிறுதி முழுக்க என்னைக் கிளப் அறையில் உட்கார வைத்து ஃபோனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஃபோன் வரவேயில்லை, நாங்கள் ஜெயித்தோம். இத்தனை பெரிய பொறுப்பையெல்லாம் நம்மிடம் தருகிறார்களே என்று வீட்டில் வந்து பெருமையடித்தேன். மீனா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

மழைக்காலப் போட்டிக்கு ஆட்டக்காரர்களைப் பிரிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் மேற்கு பிளாக்கிலேயே குடியிருந்ததால் வருஷா வருஷம் அவர்களே ஜெயித்தார்கள். அதனால் காலனி முழுவதற்கும் பெயர்களைப் பொதுவில் போட்டு, நாலு பிளாக் மேனேஜர்களும் மாறி மாறி ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுப்பது என்று வைத்தார்கள். யார் முதலில் எடுப்பது என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். அந்த முறைக்கு ‘டர்ன்’ என்று பெயர். வேண்டுமானால் ஒரு பிளாக் தன் டர்னை இன்னொரு பிளாக்கோடு மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் முதல் டர்ன் எங்களுக்கு விழுந்தது. முதல் டர்ன் என்றால் பிஷு. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், இடது காலில் அடித்தானென்றால் கோல்கீப்பர் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவான். டீக்கடையில் அன்றைக்கே லட்டு கொடுத்தோம். மறுநாள் தேர்வுக் கூட்டம் முடிந்து வந்த தபன்தா, முதல் டர்னை மேற்கு பிளாக்குக்குக் கொடுத்துவிட்டதாகவும், பதிலுக்கு அவர்களுடைய மூன்றாவது டர்னை வாங்கிக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். பிஷு மேற்கு பிளாக்குக்குப் போய்விட்டான்.

டீக்கடை இரண்டாகப் பிளந்தது. கொடுத்தது தப்பு என்று ஒரு கட்சி. ஒரே ஆளை நம்பி என்ன பயன், மூன்றாவது டர்னில் தடுத்தாட நல்ல பேக் ஒருவன் கிடைத்தானே என்று இன்னொரு கட்சி. ஒருவர் பெஞ்சில் டீ கிளாஸ்களை அடுக்கி மைதானம் போட்டுக் காட்டினார். இன்னொருவர் அதில் ஒரு கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, இப்போது ஆடு பார்க்கலாம் என்றார். பதினைந்து நாள் இதே பேச்சு.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. எனக்கு ஸ்டாக் குறைந்தது தெரிந்துவிட்டது. முதல் டர்ன் போயிருக்கிறது, மூன்றாவது வந்திருக்கிறது. கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் பொருந்தவில்லை. மிச்சம் எங்கே? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? தபன்தா வேறு ஏதோ வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். (ஒன்பது வருஷமாக எனக்குக் கீழ்வீட்டிலிருந்து பாயசம் கொடுத்தனுப்பியவர். அதெல்லாம் அப்போது ஞாபகம் வருமா?)

விசாரணையை ஆரம்பித்தேன். ஒரு டைரி போட்டேன். ‘செவ்வாய்: கீழ்வீட்டில் மீன் வாசனை. புதன்: மறுபடியும் மீன் வாசனை. விலை கூடின இலிஷாக இருக்கலாம்.’ நான் மீன் சாப்பிடாதவன். எனக்கு இலிஷும் ஒன்றுதான், கெண்டையும் ஒன்றுதான். வங்காளி வீட்டில் மீன் வாசனை வந்ததைச் சாட்சியமாக எழுதி வைத்த ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ‘வியாழன்: புதுச் செருப்பு.’ ‘வெள்ளி: மேற்கு பிளாக் மேனேஜர் சுபீர்பாபுவுடன் மாடிப்படியில் பேசினார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.’ இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்த வாரமே சுபீர்பாபு எங்கள் வீட்டுக்குச் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தார். மேற்கு பிளாக் அணிக்கு நான் ஆலோசகராக வர வேண்டுமாம். மேட்ச் நாட்களில் அவர்களுடைய பெஞ்சில் முதல் நாற்காலி எனக்காம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எதிரி முகாமுக்குள்ளேயே போனால் உண்மை தானாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன். உளவாளியாகப் போவதாக மீனாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்.

“வேண்டாங்க. அந்த விஷயத்தைக் கிளறாதீங்க,” என்றாள். அவள்மேலும் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. அவளும் கீழ்வீட்டு பௌதியும், அதாவது தபன்தாவின் மனைவியும், தினமும் பேசிக்கொள்கிறவர்கள் ஆயிற்றே.

கையில் டைரி இருந்தால் வாய் சும்மா இருக்குமா? கிழக்கு பிளாக் வாட்ஸ்அப் குழுவில், ‘முதல் டர்னுக்குப் பதிலாக மேனேஜர் உண்மையில் என்ன பெற்றார் என்பதை அறிய ரசிகர்களுக்கு உரிமை உண்டு’ என்று எழுதிப் போட்டேன். அதுவரை ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் அதற்கப்புறம் தபன்தாவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பத்து வருஷமாக மேனேஜராக இருந்த மனிதரைக் கடையில் எதிரே பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் அறையில் கூட்டம் கூட்டினார்கள். பதில் சொல்லாவிட்டால் பதவியிலிருந்து இறங்க வேண்டும் என்று முடிவு.

அறை நிரம்பி வழிந்தது. பெண்களும் வந்திருந்தார்கள். நான் டைரியோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். என்னைக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் காலனியே நான் பேசுவதைக் கேட்கக் காத்திருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மீன், செருப்பு, மாடிப்படி எல்லாவற்றையும் என்னுடைய வங்காளத்தில் வாசித்தேன். தபன்தா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நேராகக் கேட்டேன்.

“பிஷுவைக் கொடுத்துட்டு வேற என்ன வாங்கினீங்க, தபன்தா?”

“எதுவும் வாங்கலை. நான் விலகிக்கிறேன். காகிதம் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்,” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா நான்? விலகுவது பதில் ஆகாது, கணக்கு இன்னும் இடிக்கிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது. நடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்தபோதுதான் பின்வரிசையிலிருந்து மீனா எழுந்தாள். என்னிடம் தமிழில், “வாங்க, வீட்டுக்குப் போலாம்,” என்றாள். நான் நகரவில்லை. உடனே அவள் கூட்டத்தைப் பார்த்து வங்காளத்தில் ஆரம்பித்துவிட்டாள்.

“அவர் ஒண்ணும் வாங்கலை. கொடுத்தார். இவரைத்தான் கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்த்தா கிழக்கு பிளாக் தோத்துப்போகுது. சுபீர்பாபு இவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் உட்கார வச்சுக்கணும்னு பேசித்தான் முதல் டர்னையே விட்டுக்கொடுத்தார். சொன்னா இவர் மனசு புண்படும்னு வாயைத் திறக்காம இருக்கார்.”

‘ஒபயா’ என்று வங்காளத்தில் ஒரு சொல் உண்டு. ராசியில்லாத ஆள் என்று அர்த்தம். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவசியமும் இருக்கவில்லை. அறை முழுக்க யோசித்தது. ஒவ்வொரு முகமாகப் பழைய மேட்சுகளை நினைத்துப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. ஐஸ் வாங்கப் போனபோது கோல். ஃபோன் பார்த்தபோது வெற்றி. கடைசியாக, பதினைந்து நாளாக அந்தப் பரிமாற்றத்தை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

“இவரையும் சேர்த்தா? அப்போ சரிதான்.”

அவ்வளவுதான். இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. சரியான பரிமாற்றம், நல்ல லாபம், தபன் புத்திசாலி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேனேஜர் பதவியில் அவரே தொடர்வது என்று கைதூக்கித் தீர்மானமானது. ஒரு கை பாக்கியில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் டைரி போட்டு, தேதி போட்டு, கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவமானம் ஒரு பக்கம். என்னைக் காப்பாற்றப் பதவியை விடத் துணிந்த மனிதரை மீன் வாசனை வைத்துக் குற்றவாளியாக்கினேனே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. சாயங்காலம் தபன்தாவே ஏறி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், எனக்கு வங்காளமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. “நீங்க நம்ம பெஞ்சுக்கே வந்துடுங்க, சங்கர்தா. தோத்தா தோத்துட்டுப் போறோம்,” என்றார்.

அந்த வார்த்தை போதும் எனக்கு. மாட்டேன் என்றேன். இறுதிப் போட்டி கிழக்குக்கும் மேற்குக்கும்தான். நான் மேற்கு பிளாக் பெஞ்சில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டை கிழிய மேற்கு பிளாக்குக்காகக் கத்தினேன். மனதார அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். (அரைகுறையாகச் செய்தால் பலிக்காதே.) பிஷு இரண்டு தடவை கம்பத்தில் அடித்தான். மூன்றாவது, பெனால்டி, கங்கைப் பக்கமாகப் போய்விட்டது. கிழக்கு பிளாக் ஒரு கோலில் ஜெயித்தது. எங்கள் ஆட்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். கோல் போட்டவனைத் தாண்டி ஓடி, மேற்கு பெஞ்சுக்கு வந்து என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். ‘ஆமாதேர் சங்கர்தா’ என்று கத்தினார்கள். நம்ம சங்கர்தா என்று அர்த்தம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். சுபீர்பாபு மட்டும் ஓரமாக நின்று, இந்த ஆளைத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஓய்வுபெற்று, சாந்த்ராகாச்சி பக்கம் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். காலனியில் மழைக்காலப் போட்டி வந்தால் இன்னும் ஃபோன் வரும். அந்த வருஷம் நான் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். போன மாதம் பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கக் கடையிலிருந்து ஆளை வரவழைத்தோம். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். மீனா நிதானமாகக் கேட்டாள்.

“கூட ஒரு முதல் டர்ன் சேர்த்துக் கொடுத்தா எடுத்துப்பீங்களா?”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மகளும் மருமகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னை ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார்கள், இந்த வீட்டில் அதற்கப்புறம் அந்தக் கதை சொல்லாமல் ஒரு பழைய சாமானும் வெளியே போனதில்லை. ஃபிரிட்ஜ் இன்னும் இங்கேதான் இருக்கிறது, நானும்தான்.