வாத்தியார் நின்ற இடம்

கூடத்தின் நடுவில் நாற்காலியின் ஒரு கால் மரத்தரைக்குள் இறங்கிவிட்டது. கணக்கு வாத்தியார் அதைப் பிடுங்கினார். பாலில் ஊறிய ரொட்டி மாதிரி பலகையும் பிய்ந்துகொண்டு வந்தது.

"நல்லா இருந்த தரை. நீங்க கை வெச்சீங்க, போச்சு," என்றாள் மனைவி.

பொய்யில்லை. எலி வருகிறதென்று தரைக்கடியில் காற்று போகும் துவாரங்களையெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்தவர் அவர்தான். எலி நின்றது, ஈரம் வந்தது. ஈரம் தெரியாமலிருக்க மேலே ரப்பர் விரிப்பை ஒட்டினார். ஈரம் போக வழியில்லாமல் அடிக்கட்டையெல்லாம் மக்கிப்போனது. மனுஷன் சும்மா இருந்திருந்தால் எலியோடு போயிருக்கும்.

இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்? வாத்தியாரும் ஒரு மருந்துக்கடைக்காரரும் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. கடைக்காரர் வீடு வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. தினமும் இரண்டு பஸ் மாறி இடுப்பொடிந்த வாத்தியார், போன வாரம் அதைப் பார்த்ததுமே சரி என்றுவிட்டார். இன்று கையெழுத்து.

அழைப்பு மணி அடித்தது. ஓட்டையின்மேல் கம்பளத்தை இழுத்துப் போட்டு, வேறு யாரும் மிதிக்காதபடி வாத்தியாரே அதில் ஏறி நின்றுகொண்டார்.

மருந்துக்கடைக்காரர் தம் மாமியாரோடு உள்ளே வந்தார்.

"நீங்க போய்ச் சுத்திப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்," என்றார் வாத்தியார்.

"ஏன் சார்?"

"டாக்டர் நிக்கச் சொல்லியிருக்காரு."

இந்தப் பொய்யை வேறு எவரிடமாவது சொல்லியிருக்கலாம்.

"என்ன மாத்திரை எழுதினாரு?"

"மாத்திரை கிடையாது. நிக்கிறதுதான் வைத்தியம்."

"எத்தனை வேளை?"

"மூணு வேளை. சாப்பாட்டுக்கு அப்புறம்."

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலடியில் ஏதோ முனகியது. வாத்தியார் கம்பளத்தோடு ஒரு சாண் இறங்கினார்.

"பூஞ்சை வாசனை அடிக்குதே," என்றாள் மாமியார்.

"துவைச்ச துணி காயல," என்றாள் மனைவி.

"சார் இன்னும் கொஞ்சம் உயரம்னு நெனச்சேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நிக்க நிக்க அப்படித்தான்."

நல்லவேளை, மருந்துக்கடைக்காரர் எதையும் தோண்டித் துருவவில்லை. அடுப்படியைக்கூட எட்டிப் பார்க்காமல் பத்திரத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். முழங்கால்வரை தரைக்குள் போயிருந்த வாத்தியாரும் நின்றபடியே போட்டார்.

"இனிமே ரெண்டு பேருமே பேச்சு மாற முடியாது," என்று மருந்துக்கடைக்காரர் பத்திரத்தை மடித்தார். வாத்தியாருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இடுப்பு தப்பித்தது.

மாமியார் கிட்டே வந்து கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்கிட்டு மேல வாங்க தம்பி. போன வாரம் நீங்க எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போனதும் எங்க மாப்பிள்ளையையும் நானும் என் பொண்ணும்தான் இப்படி இழுத்து வெளிய எடுத்தோம்."