மறுபக்கம் இல்லாத சுவர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, தாராவியில் இட்லி அவித்து விற்றே ஐந்தையும் ஆளாக்கினேன். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். கணக்கெல்லாம் கண்ணில். கல்யாண வீட்டுக்கு எவ்வளவு மாவு என்று கேட்டால், பந்தலை ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவேன். மிஞ்சவும் மிஞ்சாது, குறையவும் குறையாது. அந்தத் திமிர்தான் சம்பந்தக்காரரைச் சுவருக்குள் தள்ளியது.

கடைக்குட்டி இசக்கிக்கு அம்பர்நாத்தில் பெண் பார்த்தோம். பெண்ணோட அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சின்னஞ்சிறுசுகளுக்குத் தனி ரூம் வேணும். சுவர் வச்ச ரூம். துணியைத் தொங்கவிட்டு ரூம்னு காட்டக் கூடாது. ஞாயித்துக்கிழமை வந்து பாப்போம். அப்புறம்தான் பேச்சு."

எங்கள் வீடு நீளமாக ஒரே அறை. நடுவில் செங்கல் வைத்தால் சுவரே பாதி இடத்தைத் தின்றுவிடும் என்று, ஜிப்சம் போர்டில் தடுக்க முடிவானது. தகரச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் போர்டை அடிப்பார்கள்.

"குர்லா போர்டுக் கடையில இருந்து ஆளு வந்து அளக்கட்டும்மா" என்றான் இசக்கி.

"எதுக்குல? நான் செத்தா போயிட்டேன்?"

பழைய சேலையைத் தரையில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை விரித்தேன். உயரத்துக்கு இசக்கியைக் கையைத் தூக்கி நிற்க வைத்தேன். இட்லித் தட்டு அடுக்குகிற மாதிரி மனசுக்குள் போர்டை அடுக்கிப் பார்த்து, இத்தனை என்று சொல்லிவிட்டேன்.

மிஸ்திரி தலையைச் சொறிந்தார். "அம்மா, டபுள் லகேகா." நான் சொன்னதுபோல இரண்டு மடங்கு வேண்டுமாம்.

"டபுளாம் டபுள்! யாருகிட்ட?" (என்னை ஏமாற்றப் பார்த்தவனைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு அத்தனை பெருமை.)

சனிக்கிழமை சாயங்காலம் போர்டு தீர்ந்தது. உள்ளே, ரூம் பக்கம் வழவழவென்று சுவர். வெளியே, கூடத்துப் பக்கம் விலா எலும்பு மாதிரி வெறும் தகரச் சட்டம்.

"இந்தப் பக்கத்துக்கு எங்கம்மா?" என்றான் இசக்கி.

"நம்ம பாடு ஒரு பக்கம்தானல? மறுபக்கத்தை அந்த வீட்டுக்காரங்க பாத்துக்கிடுவாங்க."

"எந்த வீட்டுக்காரங்க? ரெண்டு பக்கமும் நாமதாம்மா!"

நீங்களே சொல்லுங்கள், என் மேல் என்ன தப்பு? எங்கள் சந்தில் வீட்டோடு வீடு ஒட்டித்தான் இருக்கும். நான் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டில் சாமி படம் விழும். எனக்குத் தெரிந்த சுவருக்கெல்லாம் ஒரு பக்கம்தான்.

மறுநாள் ஞாயிறு, போர்டுக் கடை லீவு. என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி அத்தனையையும் எடுத்துச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அசல் சுண்ணாம்பு அடித்த சுவர்! மேலே ஒரு முருகன் காலண்டரும் மாட்டினேன். (வேட்டியெல்லாம் சுவராகிவிட்டதால், அவர் இசக்கியின் ஜீன்ஸ் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு என்னை முறைத்தபடி நின்றார்.) இசக்கியை ரூமுக்குள் தள்ளி, கூப்பிடுகிற வரைக்கும் வராதே என்றேன்.

பெண் வீட்டார் வந்தார்கள். சம்பந்தக்காரர் காப்பியைக் குடித்து முடித்தார். "சுவர் நல்ல வெள்ளையா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தார்.

காலண்டர், வேட்டி, சம்பந்தக்காரர் எல்லாம் ஒன்றாக உள்ளே போனது. அவர் கை போர்டை உடைத்துக்கொண்டு ரூமுக்குள் நீண்டது. அங்கே தலை சீவிக்கொண்டிருந்த இசக்கி, சுவரிலிருந்து ஒரு கை வருவதைப் பார்த்தான். என்ன செய்வான் பாவம்? மரியாதையாகப் பிடித்துக் குலுக்கினான்.

"வாங்க மாமா, சௌக்கியமா?"

வேட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "சௌக்கியம் மாப்ள. கையை விடும்."

அதுவரை தலை குனிந்திருந்த ராணி, அதுதான் பெண், விக்கல் எடுக்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அம்மாவுக்குக் கோபம். "என்ன மதினி இது? சுவரா, துணியா?"

"அந்தப் பக்கம் சுவரு மதினி. இந்தப் பக்கம் துணி" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

"அப்பாவே மாப்ளன்னு சொல்லியாச்சு. இனி என்னம்மா பேச்சு?" என்றாள் ராணி.

கூடத்துப் பக்கத்துக்கும் போர்டு வந்தது. ரூமுக்குள் இருக்கும் ஓட்டையை மட்டும் ராணி அடைக்க விடவில்லை. அதன்மேல் கல்யாணப் போட்டோவை மாட்டியிருக்கிறாள். சம்பந்தக்காரர் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாய்வார். நான் எதற்குக் கணக்குச் சொன்னாலும், ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னால்கூட, "மறுபக்கத்தையும் சேத்தாச்சா அத்தை?" என்பாள் ராணி.

ஏளா மீனா, உங்க அம்மா ராணி வருமுன்னே, ஆச்சி எழுதின இதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. எழுத்துக் கூட்டி மெதுவாவே வாசி, அவசரமில்லை. என்ன, அதுக்குள்ள முடிஞ்சிட்டுன்னு கீழ வைக்க? தாளைத் திருப்புளா. மறுபக்கமும் எழுதியிருக்கேன்.