ஏழு மெத்தை ஸ்கூட்டர்

"காலு தரையில படணும் எர்காஷ் அண்ணே, நான் கேக்கறது அது ஒண்ணுதான். வாய்க்கா மேல பலகையில ஏறும்போது…"

"காலப் பத்தி இங்க பேச்சே எழல தங்கச்சி. இது உக்கார்ற…"

"…ஒரு காலு ஊனலேன்னா வண்டியோட வாய்க்காலுக்குள்ளதான்…"

"…உக்கார்ற விஷயம். சொகுசு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு குழு பாத்துக்கும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, தலைவருக்கு வெளிச்சம் மறைக்குது."

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் பெரிய சாதனை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சக்கரத்தின் மேல் எப்படி உட்காருவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒன்பது கூட்டம் போட்டு, நடவடிக்கைக் குறிப்பு எழுதி, எண்ணற்ற கெட்டில் டீ குடித்துத் தீர்த்துவைத்த பெருமை மார்கிலான் நகரத்து முசுக்கொட்டைத் தெருக் குடும்ப மருத்துவமனையின் "சொகுசு நிர்ணயக் குழு" ஒன்றுக்கே உரியது.

மேற்படி எர்காஷ் அந்த மருத்துவமனையின் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளர். குழுவின் செயலாளரும் அவர்தான். தள்ளி நிற்கச் சொல்லப்பட்டவள் மவ்ஜூதா. பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வரும் நர்ஸ். இருபத்தொரு வருஷமாக நடந்தே போகிறவள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டமாட்டாள், பிள்ளையும் தாண்டாது. ஆகவே தராசுதான் வீடு தேடிப் போக வேண்டும். தராசு மவ்ஜூதாவின் தோள்பைக்குள் இருந்தது. பை போகிற இடமெல்லாம் அவளுடைய முழங்கால்களும் கூடவே போக வேண்டியிருந்ததுதான் நிர்வாகச் சிக்கல்.

சிக்கலை மாகாண அலுவலகம் தீர்க்க முன்வந்தது. "தினசரிப் பயணத்துக்கு உகந்த, சொகுசான எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாத முடிவுக்குள் செவிலிக்கு வழங்கி, படத்துடன் அறிக்கை அனுப்பவும்" என்று உத்தரவு வந்தது. அதை எழுதிய குமாஸ்தா "சொகுசான" என்ற சொல்லை ஏதோ நினைப்பில் சேர்த்திருக்கலாம். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் ஏதோ நினைப்பில் எழுதியது என்று ஒன்று கிடையாது.

தலைமை மருத்துவர் ஹம்ரோகுல் தோலிபோவிச் சுறுசுறுப்பானவர். ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும், அது வரப்போகிறது என்ற தைரியத்தில் அன்று மாலையே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த எட்டு வீடுகளை மவ்ஜூதாவின் பட்டியலில் சேர்த்துவிட்டார். பதினொரு வீடு பத்தொன்பது ஆயிற்று. சேர்ந்த எட்டில் ஒன்று சுரையோ என்ற சின்னப் பெண்ணின் வீடு. அவளுடைய குழந்தை இரண்டு கிலோகூட இல்லாமல் பிறந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடை பார்க்க வேண்டும், குறைந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். லெவல் கிராசிங்கைப் பழுது பார்ப்பதற்காக மூடியிருந்தார்கள். டாக்ஸி, பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தின் அடி வரைக்கும்தான் வரும். அதற்கு மேல் அறுபது படி, அல்லது பக்கத்தில் சைக்கிள் உருட்டிப் போகிற சரிவு.

"அந்தச் சரிவுல உருட்டிட்டுப் போற மாதிரி லேசா ஒரு வண்டி இருந்தாப் போதும்" என்று மவ்ஜூதா முதல் கூட்டத்திலேயே சொன்னாள். அவள் குழுவில் உறுப்பினர் இல்லை என்பதைச் செயலாளர் கனிவோடு நினைவூட்டினார். வண்டியை ஓட்டப்போகிறவளையே குழுவில் போட்டால் நடுநிலை என்ன ஆவது?

நடுநிலைக்குக் குழுவில் குறைவே இல்லை. தலைவர் ஹம்ரோகுல் தோலிபோவிச் காரில் வருகிறவர். எர்காஷின் வீடு மருத்துவமனைக்கு எதிர்வாசல். மூன்றாவது உறுப்பினர், தொழிற்சங்கத்தின் சொலிஹா அக்கா. அவருடைய சமையலறைச் சுவரும் மருத்துவமனைச் சுவரும் ஒன்றுதான். தினசரிப் பயணத்தால் எந்த விதத்திலும் கறைபடாத மூன்று பேர்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்காரர் நோசிம் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். ஒன்று சின்னது, தாழ்வானது, பச்சை நிறம், ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். இன்னொன்று பெரியது, கறுப்பு. அகலமான இருக்கை, முதுகுக்குச் சாய்மானம், கப்பல் மாதிரி முகப்பு.

மவ்ஜூதா யாரையும் கேட்கவில்லை. பச்சை வண்டியில் ஏறிக் கேட்டைத் தாண்டினாள். வாய்க்கால் பலகையில் ஏறி இறங்கி, தெருமுனை ரொட்டிக் கடையைச் சுற்றிக்கொண்டு, நாலு நிமிஷத்தில் திரும்பிவந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு வாங்காமல் ஒரு இடத்துக்குப் போய் வந்திருந்தாள்.

"இதான்" என்றாள்.

குழு இதைக் கவலையோடு பரிசீலித்தது. நாலே நிமிஷத்தில் திரும்பி வந்தவளுக்குச் சொகுசைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும்? அதுவும் வண்டி நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. குலுங்குகிற வண்டியில் சொகுசை எப்படித் துல்லியமாக அளப்பது? ஆகவே முறையான சோதனையைத் தலைவரே ஏற்றுக்கொண்டார். கறுப்பு வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தச் சொன்னார். ஏறி உட்கார்ந்தார். டீ வந்தது. டீ குறையக் குறைய மரியாதை கூடும் என்ற ஊர் வழக்கப்படி, எர்காஷ் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றிக் கொடுத்தார். ஒரு கெட்டில் முடிகிற வரைக்கும் தலைவர் உட்கார்ந்திருந்தார். "முதுகில் வலி இல்லை, வாகனம் எவ்விதத் தொந்தரவும் தரவில்லை" என்று குறிப்பில் பதிவாயிற்று.

"ஓட்டிப் பாக்கலியா?" என்று நோசிம் கேட்டுவிட்டார். வியாபாரி, பாவம், நிர்வாகம் தெரியாதவர்.

கறுப்பு வண்டி ஒருமனதாகத் தேர்வாயிற்று. நோசிம் பச்சையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் மவ்ஜூதா பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த அளவோடு நின்றிருந்தால் சாதாரணக் குழு. ஆனால் சொலிஹா அக்கா, இவ்வளவு பெரிய மனிதரை வெறும் ரெக்ஸின் மேல் உட்காரவைத்துவிட்டோமே என்று இரவெல்லாம் புரண்டிருக்கிறார். மறுநாள் தன் மகளின் கல்யாணச் சீர் அடுக்கிலிருந்து ஒரு பஞ்சு மெத்தையை எடுத்துவந்து இருக்கையின் மேல் விரித்துக் கட்டினார். அட்லஸ் பட்டு, புதுப் பஞ்சு. எர்காஷின் மனைவி அதை எதிர்வாசலிலிருந்து பார்த்தாள். அன்று மாலையே எர்காஷ் வீட்டு மெத்தை வந்தது, இரண்டு விரல்கடை கனம் கூடுதலாக. வியாழக்கிழமை பல் டாக்டர் வீட்டிலிருந்து ஒன்று. மருந்துக்கடைக்காரர், பரிசோதனைச் சாலைப் பெண்கள், தலைவருடைய சம்பந்தி என்று தரப்புக்கு ஒன்றாக வந்து, கடைசியில் தலைவர் வீட்டு மெத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஏறியது. மொத்தம் ஏழு.

மவ்ஜூதா ஏறிப் பார்த்தாள். அவளுடைய செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாக நடந்து போகலாம். ஏழில் ஆறையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"எதை எடுக்கட்டும், நீயே சொல்லு" என்றார் எர்காஷ். "சொலிஹா அக்காவோடதை எடுத்தா கல்யாண வீட்டை அவமானப்படுத்தின மாதிரி. என்னோடதை எடுத்தா நான் வீட்டுக்குப் போக முடியாது. தலைவரோடதைத் தொடறதுக்கு உனக்குக் கை வருமா?"

மார்கிலானில் பிறந்த யாருக்கும் அதற்குக் கை வராது. விருந்தாளிக்கு விரித்த மெத்தையைச் சுருட்டுவதும், அவரை வாசல் வரைக்கும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் ஒன்றுதான். மவ்ஜூதாவும் அங்கே பிறந்தவள்தான். இறங்கிவிட்டாள். இறங்குவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

குழு அவளை அப்படியே விட்டுவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எட்டாவது கூட்டத்தில், அவள் ஏறி இறங்க வசதியாக, போகிற வாசலுக்கு ஒன்று வீதம் பத்தொன்பது முக்காலிகள் கேட்டு மாகாணத்துக்கு விண்ணப்பம் எழுதப்பட்டது. மருத்துவமனை வாசலுக்கு ஒன்று வேண்டாமா என்று சொலிஹா அக்கா கூர்மையாகக் கேட்டதால், அதை அடித்து இருபது என்று திருத்தினார்கள்.

முக்காலி வருகிற வரைக்கும் மவ்ஜூதா நடந்தாள். சுரையோ வீட்டுக்கு ஐந்து தடவை அறுபது படி ஏறி, அறுபது படி இறங்கினாள். ஐந்தாவது தடவை குழந்தையின் எடை தொண்ணூறு கிராம் ஏறியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வரும்போது இடது முழங்கால் ஏதோ சத்தம் போட்டது. மறுநாள் காலையில் அது பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

வேறு ஒரு நர்ஸை அனுப்புங்கள் என்று தலைவரிடம் கேட்டாள். அவர் வருத்தப்பட்டார். ஒரே வேலைக்கு வண்டியும் கொடுத்து ஆளும் கொடுத்தால் இரட்டைச் சலுகை ஆகிவிடுமாம். அதுவுமல்லாமல், அறிக்கையில் அவள் போன திங்கட்கிழமை முதல் பத்தொன்பது வீட்டுக்கும் ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருக்கிறாளாம்.

"இவ்வளவு நல்லா ஓட்டிட்டிருக்கும்போது நடுவுல ஏன் நிறுத்தறீங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

மாதத்தின் கடைசி நாள், படம் எடுக்கிற நாள். முற்றத்தில் இலை கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. மவ்ஜூதா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். வருகிற வழியில் சுரையோவின் மாமியார் போன் செய்திருந்தாள். கிழவிக்கு ஒரே பெருமை. குழந்தை நேற்றிலிருந்து அழுவதே இல்லையாம், பால்கூடக் கேட்பதில்லையாம், அப்படி ஒரு சாது, சும்மா தூங்கிக்கொண்டே இருக்கிறதாம். அழவும் தெம்பில்லாத பிள்ளையைத்தான் கிழவி சாது என்கிறாள் என்று மவ்ஜூதாவுக்குத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடை எவ்வளவு என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். எடையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள்.

படத்தில் "பயனாளி" சொகுசாகத் தெரிய வேண்டும். அவளைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தார்கள். கால் இரண்டும் தொங்கியது, முகமும் ஒத்துழைக்கவில்லை. புகைப்படக்காரர் உதட்டைப் பிதுக்கினார். உயரமான ஆள் உட்கார்ந்தால் வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும் என்றார். எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. ஹம்ரோகுல் தோலிபோவிச் இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாவது தடவை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எர்காஷ் முதுகைக் கொடுக்க, அதில் கால் வைத்து ஏறினார். ஏழு மெத்தையின் உச்சியில் அவர் அமர்ந்ததும் சொலிஹா அக்கா கையேந்திப் பிரார்த்தனை சொன்னார், எல்லாரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். படம் நன்றாக வந்தது.

எர்காஷ் சான்றிதழை மவ்ஜூதாவிடம் நீட்டினார். "மேற்படி வாகனம் எனக்கு மிகவும் சொகுசாக இருக்கிறது" என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

அவள் பேனாவை வாங்கவில்லை. தலையை அண்ணாந்து மேலே பார்த்தாள்.

"சொகுசா இருக்கா, ஹம்ரோகுல் தோலிபோவிச்?"

தலைவர் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தன் வீட்டு மெத்தையை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும் தங்கச்சி? எறங்கவே மனசு வரல."

மவ்ஜூதா தோளிலிருந்த தராசுப் பையைக் கழற்றினாள். கம்பை எர்காஷின் கையில் கொடுத்துவிட்டு, நல்ல காலின் நுனியில் எம்பி, பையைத் தலைவரின் மடியில் வைத்தாள். வண்டியின் சாவியைத் திருகினாள். முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது.

"அப்போ எறங்க வேணாம், கெளம்புங்க. பாலத்துச் சரிவு தாண்டினதும் எடது கைப் பக்கம் மூணாவது கேட்டு. கொழந்தைய எடை பாத்து ஆறு நாளாச்சு, நேத்துலேர்ந்து அது அழறதையும் நிறுத்திடுச்சு."