முன்வரிசைக்கு ஒரு மதியச் சாப்பாடு

ஒரு பல்கலைக்கழக ஃபுட்போல் அணியை, எதிரணி மைதானத்துக்கு வருவதற்கு முன்பே ஆட்டிறைச்சிக் கறியால் தோற்கடித்த குடும்பம் எங்களுடையது. இதில் அம்மாவின் பங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் பெரிய குற்றவாளி நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மாணவர் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் நிரந்தர இடம் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். (விளையாட்டில் எனக்கிருந்த அனுபவம், ஊர்ச்சங்கக் கிரிக்கெட் போட்டியில் தின்பதற்கு ரோல்ஸ் விற்றதோடு சரி.) அந்தப் பக்கத்தின் ஆசிரியை மேகன் எனக்கொரு பரீட்சை வைத்தாள். சீசன் தொடங்குவதற்கு முன், நம் அணியின் முன்வரிசையிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று எழுத வேண்டும். கணிப்புச் சரிவந்தால் இடம் எனக்கு.

முன்வரிசை என்பது ஐந்து மலைகள். தலைக்கவசம் போட்டு மோதுகிற இந்த நாட்டு ஃபுட்போலில், பந்தை எறிகிறவனை எதிரணியினர் விழுத்தாமல் மறித்து நிற்பதுதான் அவர்களுடைய வேலை. அந்த வருடம் பழையவர்களில் நால்வர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவன் நடுவில் நிற்கும் கோனர் மட்டும். மற்ற நால்வரும் புதிது. அவர்களிடம் யாருமே எதையும் எதிர்பார்க்கவில்லை.

முதலாவது பயிற்சி ஆட்டத்துக்கு முதல்நாள், பேட்டி என்று சொல்லி ஐவரையும் மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது, அம்மாவைப் பொறுத்தவரை, பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய குற்றம். புட்டு, ஆட்டிறைச்சி, நண்டு, இறால் எல்லாம் எங்கள் வீட்டு உறைப்பிலேயே மேசைக்கு வந்தன.

கோனரும் மற்றவர்களும் வளர்ந்த வீடுகளில், தட்டில் வைத்ததை மிச்சம் விடாமல் முடிப்பது மரியாதை. எங்கள் வீட்டில் வெறும் தட்டு என்றால் இன்னும் பசி என்று அர்த்தம். நிறுத்த வேண்டுமானால் தட்டை மறைத்துக் குறைந்தது மூன்று தரமாவது மறுக்க வேண்டும். அவர்கள் மரியாதைக்காக முடித்தார்கள், அம்மா மரியாதைக்காக நிரப்பினார். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். நான் என்ன செய்தேன்? நல்ல பசி, நல்ல பலம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் தரம் வைத்தபோது கோனரின் கண்களிலிருந்து நீர் வடிந்தது.

“பாவம், வீட்டுச் சாப்பாட்டைக் கண்டு எவ்வளவு காலமோ, அழுறான் பார். அவனுக்கு இன்னும் ரெண்டு நண்டுக்கால் வை,” என்றார் அம்மா.

வைத்தேன்.

அன்று மாலையே என் கட்டுரை வெளியானது. இந்த வரிசையை எவராலும் அசைக்க முடியாது என்று தீர்க்கதரிசி மாதிரி முடித்திருந்தேன்.

மறுநாள் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே இடது ஓரத்தில் நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு ஓடினான். அவன் திரும்புவதற்குள் அடுத்தவன் ஓடினான். கோனர் மட்டும் கடைசிவரை நின்றான். (நின்றான் என்பதைவிடக் குனிந்திருந்தான் என்பது பொருத்தம்.) பந்தை எறிகிறவன் எத்தனை தரம் விழுந்தான் என்று எண்ணுவதை நான் இடைவேளைக்கு முன்பே கைவிட்டேன். பக்கத்தில் இருந்த மேகன் தன் போனில் என் கட்டுரையைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் கோனர் என்னைத் தேடி வந்தான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். அவனோ, உன் கட்டுரையைப் பொய்யாக்கிவிட்டோம், மன்னித்துக்கொள் என்றான். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இடத்திலேயே மேகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் நெடுநேரம் சிரித்தாள். பிறகு விளையாட்டுப் பக்கத்து இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, உணவுப் பக்கத்தில் எனக்கோர் இடம் பிடித்துத் தந்தாள்.

வீட்டுக்கு வந்து அணி தோற்றுப்போனதைச் சொன்னேன்.

“தோக்காமல் என்ன செய்யும்? உவங்கள் வடிவாச் சாப்பிடேல்ல எண்டு நான் நேற்றே பாத்தனான்,” என்றார் அம்மா.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எங்கள் குடும்பத்தில் யாரும் அம்மாவிடம் ‘காணும், போதும்’ என்று சொல்வதில்லை. நாளைக்கு எனக்கு மட்ச் இருக்கு என்றுதான் சொல்வார்கள். போன மாதம் யூனியன்வில்லில் அண்ணா வீட்டு விருந்தில், முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்திருந்த மாமாவும் அதையே சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

“அப்ப நல்லாச் சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்று அம்மா அவருக்கு இன்னுமொரு அகப்பை கறி வைத்தார்.