ரம்பச் சாமியாரும் ஒரு கேரட்டும்

அன்று தெருவிலிருந்த மரப்பட்டறைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. வேலை இல்லாமல் அல்ல, ரம்பச் சாமியார் வந்திருந்தார். படச்சட்டம் செய்கிற பட்டறைக்குள் தச்சர்கள் முண்டியடித்தார்கள். சாமியார் ஓதித் தருகிற குஞ்சம் வைத்த கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் எந்த மின்ரம்பமும் விரலைத் தொடாதாம். கட்டணம் உண்டு, அருள் என்ன மரத்திலா காய்க்கிறது?

கயிறு கட்டியவன் வேறு பாதுகாப்பைத் தேடினால் கயிற்றுக்கு ரோஷம் வந்துவிடும் என்பது சாமியார் வாக்கு. சாமியார் போன வாரம் வந்தபோதே பட்டறைக்காரர் முதல் ஆளாகக் கட்டிக்கொண்டவர். சட்டத்தின் மூலையைச் சாய்வாக வெட்டுகிற மைட்டர் ரம்பத்தில், பல்லை மறைக்கும் மூடியைக் கழற்றி மூலையில் எறிந்தார். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் அங்கேயே போய் விழுந்தது. கண்ணில் தூள் தெறிக்காமல் மாட்டுகிற கண்ணாடியை மகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

சட்டங்களுக்கு வார்னிஷ் அடிப்பவள் அவர் மனைவி. முந்தின நாள் அவர் ஒரு சின்னத் துண்டை வெறுங்கையால் பிடித்து அறுத்தபோது, சுழலும் பல்லுக்குப் பக்கத்தில் கயிற்றின் குஞ்சம் ஊஞ்சலாடியதை அவள் பார்த்தாள். பத்து விரலோடு தாலி கட்டிய மனுஷன் பத்து விரலோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. சொல்லிப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாதவள் என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

சாமியார் மெஷினை நெருங்கினார். கயிறு கட்டிய இடது கையை ரம்பத்துக்கு அடியில் நீட்டி, வலது கையால் விசையை இழுத்தார். ரம்பம் அசையவில்லை. கூட்டம் கைகூப்பியது. அடுத்து ஒரு மரத்துண்டை வைத்து விசையை இழுத்தார். சரக்கென்று அறுந்து விழுந்தது. மரம் கயிறு வாங்கவில்லையே, பாவம்.

பட்டறைக்காரர் மனைவி மட்டும் சாமியாரின் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தை அறுத்தபோது அது கைப்பிடியிலுள்ள பூட்டுப் பொத்தானை அமுக்கியது. கையை நீட்டியபோது சும்மா இருந்தது. அந்தப் பொத்தானை அமுக்காமல் விசையை இழுத்தால் மெஷின் ஓடாது; தவறுதலாக ஓடிவிடக் கூடாதென்று மெஷினைச் செய்தவன் வைத்த ஏற்பாடு. அங்கிருந்த அத்தனை தச்சர்களும் தினம் அமுக்குகிற பொத்தான்தான். கைகூப்பியிருந்ததால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மகளிடமிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டினாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைப் பொருத்தினாள். சமையலுக்கு வாங்கிய ஒரு கேரட்டுக்கு, சாமியார் ஓதிவைத்திருந்த கயிறு ஒன்றைக் கட்டிக் கிளாம்பில் இறுக்கினாள். மறுபடி பிளக்கைச் செருகி, பொத்தானை அமுக்கி, விசையை இழுத்து, ரம்பம் முழு வேகம் எடுத்த பிறகே கீழே இறக்கினாள். ஓட்டம் நின்றபின் தூக்கினாள். கேரட் இரண்டு துண்டு, கயிறும் இரண்டு துண்டு.

"கேரட்டுக்கு ஏதும்மா நம்பிக்கை? நம்பினவங்களைத்தான் கயிறு காப்பாத்தும்," என்றார் சாமியார்.

"உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல, சாமி? கையை வைங்க. இந்தத் தடவை பொத்தானை நான் அமுக்குறேன்."

சாமியாரின் இரண்டு கைகளும் அக்குளுக்குள் ஓடி ஒளிந்தன. அப்படியே, கையை வெளியே எடுக்காமல், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பட்டறைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து மனைவியிடம் மணிக்கட்டை நீட்டினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் ஒரு தச்சர் பக்கத்து ஆளிடம், கேரட்டுக்கென்று தனிக் கயிறு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பொத்தான் வைத்தவன், மனுஷன் சில நேரம் யோசிக்க மறந்துவிடுவான் என்று நினைத்தான். கயிறு விற்றவன், மனுஷன் யோசிக்கவே மாட்டான் என்று நினைத்தான். இரண்டு பேரில் யார் உங்களைச் சரியாகப் புரிந்துகொண்டவன்?